பழைய கார்ட்டூன்களைக் காட்டுவதா, மறைப்பதா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நாள். ஏழாம் வகுப்பில் எனக்குக் கடைசிப் பாடவேளை. பாடம் நடத்தினால் யாரும் கேட்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். "டீச்சர், படம் போடுங்க டீச்சர்" என்று ஒரே கூச்சல். என் மகன் சின்னவனாக இருந்தபோது அவனுக்காகச் சேர்த்து வைத்த 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்கள் ஒரு பென்டிரைவில் இருந்தன. திறன்மிகு வகுப்பறைத் திரையில் அதை ஓடவிட்டுவிட்டு, மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜெர்ரி வைக்கும் வெடி டாமின் முகத்தில் வெடிக்கும். புகை விலகியதும் டாமின் முகம் தார் பூசியதுபோல் கருத்திருக்கும், உதடுகள் தடித்திருக்கும், தலையில் சின்னச் சின்னச் சடைகள் விறைத்து நிற்கும். கண்ணை மட்டும் இரண்டு முறை சிமிட்டும். வகுப்பே குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவனின் பெயரைச் சொன்னது. பெயரை மட்டும்தான் சொன்னது. முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் "ஷ்... அமைதி" என்றேன், என் சிரிப்பை அடக்கிக்கொண்டே.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவனுக்கு 'டாம்' என்ற பெயர் நிலைத்துவிட்டிருந்தது. பட்டப்பெயர் இல்லாத பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவன் அம்மா வந்தார். "டீச்சர், இவன் தெனமும் சோப்பப் போட்டு மூஞ்சியத் தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கிக்கிறான். கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறான். இங்க எதுவும் நடந்துச்சா?"

நடந்ததை அவரிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருந்தது என்ன என்பது அன்று எனக்கும் தெரியாது. வெடி வெடித்தால் கரி அப்பும், இதில் என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பிறகுதான் தேடிப் படித்தேன். நான் சமூக அறிவியல் ஆசிரியை. இது என் பாடத்துக்குள்ளேயே இருந்த விஷயம் என்பது அப்போதுதான் புரிந்தது.

கரி அப்பினால் முகம் கருக்கும், சரி. உதடு ஏன் தடிக்க வேண்டும்? சடை எங்கிருந்து முளைத்தது?

அமெரிக்காவில் 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளையின நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கந்தல் உடுத்தி, கறுப்பின அடிமை ஒருவரைப்போல ஆடிப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அவர் போட்ட வேடத்தின் பெயர் ஜிம் குரோ. அதைப் பார்த்து ஏராளமான குழுக்கள் கிளம்பின. 'மின்ஸ்ட்ரல்' என்று அந்தக் கூத்துக்குப் பெயர். தக்கையை எரித்து எடுத்த கரி, பெரிதாக வரைந்த உதடு, உருட்டி விழிக்கும் கண், பரட்டைத் தலை, இதுதான் ஒப்பனை. கறுப்பின மனிதர் என்றால் சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, சொன்னால் புரியாதவர், என்ன நடந்தாலும் இளித்துக்கொண்டிருப்பவர் என்ற எண்ணத்தை அந்தக் கூத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, பள்ளிக்கூடம், ரயில், உணவகம் என்று எல்லா இடத்திலும் கறுப்பின மக்களைப் பிரித்து வைக்கத் தென் மாநிலங்கள் சட்டம் போட்டன. அந்தச் சட்டங்களுக்கு வழங்கிய பெயரும் ஜிம் குரோ சட்டங்கள்தான். மேடையில் சிரிக்க வைத்த ஒரு வேடத்தின் பெயர் சட்டத்தின் பெயராகிவிட்டது. 1964, 1965-இல் வந்த குடிமை உரிமைச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும்தான் அவற்றுக்கு முடிவு கட்டின.

1920-களில் கார்ட்டூன் படங்கள் வளர்ந்தபோது ஓவியர்களின் கைக்கு இந்த ஒப்பனை தயாராகக் கிடைத்தது. நாலு கோடு இழுத்தால் போதும், அரங்கம் சிரித்துவிடும். டாமின் முகத்தில் வந்து உட்கார்ந்ததும் அதே வேடம்தான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் 'கருத்த முகம், தடித்த உதடு என்றால் சிரிக்க வேண்டும்' என்பது மட்டும் கதை இல்லாமலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் பேச்சே குறைவு. அதனால்தான் மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் உலகம் முழுக்க ஓடுகிறது. அதனாலேயே அதற்குப் பின்னால் இருந்த வரலாறும் கூட வராமல் போகிறது.

அந்தப் படங்களில் இன்னொருவரும் உண்டு. துடைப்பத்தோடு வரும் இரண்டு தடித்த கால்கள், செருப்பு, பாவாடை விளிம்பு, ஒரு கோபக் குரல். முகம் தெரியாது. ரசிகர்கள் அவரை மேமி டூ ஷூஸ் என்று அழைப்பார்கள். நம் ஊர் 'மாமி' என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளையர் வீட்டில் வேலை செய்து அவர்களுடைய பிள்ளைகளையும் வளர்த்த கறுப்பினப் பெண்களுக்கு அங்கே வழங்கிய சொல் அது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்.ஜி.எம். நிறுவனத்தில் எடுத்த முதல் டாம்-ஜெர்ரி படம் 1940 பிப்ரவரி 10 அன்று வெளியானது. அதிலேயே அவர் வந்துவிடுகிறார். அதே மாதம் 29-ஆம் தேதி, 'கான் வித் தி விண்ட்' படத்தில் அதே மாதிரிப் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் விருது வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். விருது விழாவில் உடன் நடித்தவர்களோடு உட்கார அவருக்கு இடம் இல்லை. தனியே ஒரு மேசை போட்டிருந்தார்கள்.

மேமிக்குக் குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. நல்ல குரல் வளம் உள்ளவர், வானொலியிலும் பெயர் பெற்றவர். அங்கேயும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது வீட்டுப் பணிப்பெண் வேடம்தான். இந்தச் சித்திரிப்பைக் கறுப்பின உரிமை அமைப்புகள் அப்போதே எதிர்த்தன. 1952-க்குப் பிறகு மேமி வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. படங்கள் கையில் இருக்கின்றன, நல்ல வருமானம் தருகின்றன, ஆனால் மேமி உறுத்துகிறார். என்ன செய்வது? 1960-களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களை மாற்ற முடிவு செய்தார்கள். சக் ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற இயக்குநரின் குழுவினர் மேமி வரும் காட்சிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணின் கால்களை வரைந்தார்கள். ஐரிஷ் சாயலில் பேசும் புதுக் குரலை ஜூன் ஃபோரே கொடுத்தார். 1950-இல் வந்த ஒரு படத்தில் மேமி நகை நட்டெல்லாம் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை இரவு தோழிகளோடு சீட்டாடக் கிளம்புவார். துடைப்பம் இல்லாத மேமி! ஓடி வரும்போது ஒரு கணம் அவர் முகமும் தெரியும். அந்தப் படத்திலும் அவரை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைக்கார இளம்பெண்ணை வைத்துவிட்டார்கள்.

1990-களில் வேறொரு வழி. மேமியை இருக்கவிட்டு, அவருடைய கொச்சைப் பேச்சை மட்டும் திருத்தி, தியா விடேல் என்ற கறுப்பின நடிகையைக் கொண்டு மறுபடி குரல் பதிவு செய்தார்கள். லில்லியன் ராண்டால்ஃபின் குரல் போயிற்று.

நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள், சந்தேகமில்லை. இருந்தாலும் எனக்கு இது ஒப்பவில்லை. இழிவு செய்த கோட்டை அழிக்கப் போய், அந்த வீட்டில் வேலை செய்த பெண்ணையே அழித்துவிட்டார்கள். 1940-களின் அமெரிக்க வீடுகளில் கறுப்பினப் பெண்கள் வேலையே செய்யாததுபோல் ஆகிவிடுகிறது. அந்த நடிகையின் குரலும் உழைப்பும் சேர்ந்து காணாமல் போகின்றன. பொய்யான படத்தைத் திருத்துவதாக எண்ணி இன்னொரு பொய்யைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

2000-களின் நடுவில் டிவிடி வெளியிட்டபோது நடிகை வூப்பி கோல்ட்பெர்க்கை முன்னுரை பேச வைத்தார்கள். இந்தப் படங்களில் இருக்கும் இனக்கேலி தவறு. ஆனாலும் வெட்டி எறிந்தால் இப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சொன்னதாகிவிடும் என்பது அவர் பேச்சின் சாரம். அவரே கறுப்பினத்தவர், நகைச்சுவைக் கலைஞர். அவர் நேரில் வந்து சொல்லும்போது பார்ப்பவர் சற்று நிமிர்ந்து உட்காருகிறார். ஆனால் 2013-இல் வரவிருந்த தொகுப்பிலிருந்து 'மவுஸ் கிளீனிங்', 'கேசனோவா கேட்' என்ற இரண்டு படங்களை விட்டுவிட்டார்கள். முதல் படத்தில் நிலக்கரி அப்பிய டாமை மேமி ஒரு கறுப்பின ஆள் என்று நினைத்துவிடுகிறார். இரண்டாவதில் ஜெர்ரியின் முகத்தில் புகையை ஊதிக் கருப்பாக்கி ஆட வைக்கிறார்கள். முழுத் தொகுப்பு வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். அந்த வெளியீடே அப்போது நின்றுபோனது. 2014-இல் இணையச் சேவைகளில் இந்தப் படங்களுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வாசகம் வந்தது. இவை அன்றும் தவறு, இன்றும் தவறு என்று அது சொன்னது.

'அன்றும் தவறு' என்ற அந்தச் சொல்லை நான் முக்கியமாக நினைக்கிறேன். பழைய படங்களைப் பற்றிப் பேசினால் "அந்தக் காலத்துல யாருக்கும் அது தப்பாத் தெரியல" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். யாருக்குத் தெரியவில்லை? வார்னர் பிரதர்ஸின் 'கோல் பிளாக்' என்ற கார்ட்டூன் 1943-இல் வெளியானபோதே கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. 1946-இல் டிஸ்னியின் 'சாங் ஆஃப் தி சவுத்' வந்தபோது திரையரங்கு வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். தவறு என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள். அவர்கள் சொன்னது எடுபடவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பிள்ளையும் வாய் திறக்காததால் யாருக்கும் வலிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி.

மறைத்து வைப்பதற்கும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1968-இல் பழைய வார்னர் கார்ட்டூன்களின் உரிமையை வைத்திருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், 11 படங்களை இனித் தொலைக்காட்சிக்குத் தருவதில்லை என்று ஒதுக்கியது. வெட்டித் திருத்தினாலும் மிஞ்ச எதுவும் இல்லை, கதையே இனக்கேலிதான் என்பது காரணம். 'தணிக்கை செய்யப்பட்ட பதினொன்று' என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. மேலே சொன்ன 'கோல் பிளாக்' அதில் ஒன்று. சங்கடம் என்னவென்றால், பாப் கிளாம்பெட் இயக்கிய அந்தப் படம் தொழில் நேர்த்தியில் அபாரமானது. 1994-இல் கார்ட்டூன் துறையினரிடம் கேட்டுத் தொகுத்த ஐம்பது சிறந்த படங்களின் பட்டியலில் அது 21-ஆவது இடத்தில் வந்தது. குரல் கொடுத்தவர்களில் விவியன் டான்ரிட்ஜ், அவர் தாயார் ரூபி டான்ரிட்ஜ் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் உண்டு. படத்தை ஒதுக்கினால் அவர்களுடைய வேலையும் பெட்டிக்குள் போகிறது.

சரி, ஒதுக்கியதால் யாரும் பார்க்காமல் இருந்தார்களா? அதுவும் இல்லை. அந்தப் பதினொன்றில் 'ஜங்கிள் ஜிட்டர்ஸ்' போன்ற சில படங்களுக்குக் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம், இணையத்தில் ஏற்றலாம். உரியவர் கதவைச் சாத்திவிட்டார். படம் சந்துவழியாக வெளியே போய்விட்டது, ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லாமல். 2010-இல் ஹாலிவுட்டில் நடந்த ஒரு பழம்பட விழாவில் அவற்றில் எட்டைச் சுத்தமான பிரதியாக்கித் திரையிட்டார்கள். முன்னால் நின்று பேசியவர் டொனால்ட் போகிள், கறுப்பினத் திரை வரலாற்றை எழுதியவர். பெரியவர்கள் கூடிய அரங்கு, விஷயம் அறிந்த ஒருவரின் பேச்சு, அதன் பிறகு படம். எனக்கு இதுதான் சரியான வரிசையாகத் தெரிகிறது.

டிஸ்னியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933-இல் வந்த 'மூன்று பன்றிக்குட்டிகள்' படத்தில் ஓநாய் யூத வியாபாரி வேடத்தில் கதவைத் தட்டும். பிற்பாடு அந்தக் காட்சியைத் திருத்தி வரைந்தார்கள். 1940-இன் 'ஃபேன்டேசியா'வில் வெள்ளைத் தோழிகளின் குளம்பைத் துடைக்கும் கறுப்புச் சிறுமி பாத்திரத்தை 1969 வெளியீட்டிலிருந்து காணோம். 'சாங் ஆஃப் தி சவுத்' அமெரிக்காவில் வீடியோவாகக்கூட வந்ததில்லை. 2019-இல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது சில படங்களின் விவரக் குறிப்பில் 'காலாவதியான சித்திரிப்புகள் இருக்கலாம்' என்ற பொருளில் ஒரு வரி போட்டார்கள். அது போதாது என்று பலர் சொன்னதும், 2020 அக்டோபரில் தள்ளிவிட முடியாத 12 நொடி அறிவிப்பாக மாற்றினார்கள். 'டம்போ'வில் காகக் கூட்டத்தின் தலைவனுக்குப் படக் குறிப்புகளில் ஜிம் குரோ என்றே பெயர், பேசியவர் வெள்ளையர். 'பீட்டர் பான்' படத்தில் அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றிய கேலிகள் உண்டு. 2021-இல் இந்தப் படங்களைச் சிறுவர் கணக்குகளில் வராதபடி செய்துவிட்டு, பெரியவர்கள் கணக்கில் அறிவிப்போடு வைத்தார்கள். வயதைப் பார்த்துப் பிரித்த இந்த ஏற்பாட்டை நான் ஏற்கிறேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு எச்சரிக்கை வாசகம் எதற்குப் பயன்படும்? வாசிக்கத் தெரிந்தவருக்குத்தானே அது.

எல்லாமே இவ்வளவு நேராகப் போவதும் இல்லை. 'ஸ்பீடி கோன்சாலெஸ்' என்ற மெக்சிகோ எலியை 1999-இல் அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் நிறுத்தியது. அவன் கூட்டாளி எலிகளைச் சோம்பேறிகளாகக் காட்டுகிறது என்பது காரணம். குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரே! அவன் கெட்டிக்காரன், எங்கள் ஆள், திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். 2002-இல் படம் திரும்ப வந்தது. யாரைப் பற்றிய படமோ அவர்களைக் கேட்காமல் நாமாக முடிவெடுத்தால் இப்படியும் ஆகும்.

நம்மவர்கள் பாதிக்கப்பட்ட கதை ஒன்றும் இருக்கிறது. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் வரும் கடைக்காரர் அபு ஓர் இந்தியர். 1990 முதல் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளையின நடிகர். இந்தியப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த ஹரி கொண்டபோலு, 2017-இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். இந்தியப் பிள்ளைகளை அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, அந்த உச்சரிப்பைப் பேசிக்காட்டிக் கேலி செய்ததைப் பலர் அதில் சொல்கிறார்கள். 2020-இல் அசாரியா அந்தக் குரலை இனிக் கொடுப்பதில்லை என்று விலகினார். இதைப் படித்தபோது மூன்றாம் பெஞ்சு என் கண் முன்னால் வந்தது.

இதையெல்லாம் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் சொன்னேன். "அது அமெரிக்காக்காரன் பிரச்சினை டீச்சர். நம்ம பிள்ளைங்க பூனையையும் எலியையும்தான் பாக்குதுங்க" என்றார் கணித ஆசிரியர். மூத்தவர், நான் மதிப்பவர். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் பிள்ளைகள் மின்ஸ்ட்ரல் கூத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் நிறத்தைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு ஏற்கெனவே நம் வீட்டிலும் சினிமாவிலும் பழக்கம் இருக்கிறது. வெளியூர்க் கேலி வந்து உள்ளூர்க் கேலியோடு ஒட்டிக்கொள்கிறது. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க வீட்லயும் என் பொண்ணைக் 'கருவாச்சி'ன்னுதான் கூப்பிடுறோம்" என்றார்.

காலனியாதிக்கம் பற்றிய பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் நடத்தியபோது இதை முயன்று பார்த்தேன். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டேன். படத்தை ஓடவிடவில்லை. முதல் பத்து நிமிடம் ஜிம் குரோ கதையைச் சொன்னேன். பிறகு டாமின் கருத்த முகத்தை நிறுத்திய காட்சியாக வைத்து, "வெடி வெடிச்சா கரி வரும். உதடு ஏன் பெருசாச்சு?" என்று மட்டும் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் "அது வேஷம் டீச்சர்" என்றான். அதற்குப் பிறகு மேமி வரும் காட்சியை ஓடவிட்டேன். இதே காட்சியில் இவரை அழித்து வேறு கால்களை வரைந்த கதையையும் சொன்னேன்.

அந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள். "முகத்த ஏன் டீச்சர் காட்டல?" பூனை, எலியின் உயரத்திலிருந்து பார்ப்பதால் கால் மட்டும் தெரிகிறது என்று சொன்னேன். அது ஒரு காரணம்தான். அவள் விடவில்லை. "எங்கம்மா வேலைக்குப் போற வீட்ல ஹால் பூரா போட்டோ மாட்டியிருக்காங்க டீச்சர். பதினாலு வருசமா போறாங்க. ஒரு போட்டோலயும் எங்கம்மா இல்ல." இதற்கு நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பில் பதில் எதுவும் இல்லை. மணி அடிக்கும்வரை பிள்ளைகள்தான் பேசினார்கள். அந்தப் பெண்ணை அழித்தது சரியா என்ற கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "அப்படிக் காட்டுறதுக்கு அழிச்சதே மேல்" என்று நாலைந்து பேர் கடைசிவரை நின்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

இன்னொரு பிரிவில் இது எடுபடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வகுப்பு நன்றாகப் போன உற்சாகத்தில் இருபத்தைந்து நிமிடம் நானே பேசிவிட்டேன். படம் வருவதற்குள் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். வந்தபோது ஒருவன் கண்ணை உருட்டி அதே மாதிரி செய்து காட்ட, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்னால் சொல்வதற்கும் ஓர் அளவு இருக்கிறது. 2020 ஜூனில் 'கான் வித் தி விண்ட்' படத்தை ஒரு அமெரிக்கச் சேவை விலக்கி வைத்து, சுமார் இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தது. வெட்டாமல் முழுப் படமும் வந்தது. முன்னால் ஜாக்குலின் ஸ்டூவர்ட் என்ற திரைப்படப் பேராசிரியரின் பேச்சைச் சேர்த்திருந்தார்கள். அது நாலைந்து நிமிடம்தான். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்துக்கு அவ்வளவு போதும் என்றால், ஏழு நிமிடப் படத்துக்கு நான் இருபத்தைந்து நிமிடம் பேசியது அதிகம்தான்.

எந்தப் படமானாலும் இப்போது முந்தைய நாளே தனியாக உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிடுகிறேன். மாதந்தோறும் பள்ளியில் திரையிடும் சிறார் படத்துக்கும் அப்படித்தான். ஒரு வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்தக் காட்சி வரும்போது எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். டிஸ்னிக்குத் தெரியாது. ஆறு, ஏழாம் வகுப்புக்கு இந்த மாதிரிக் காட்சி இருக்கும் படத்தைப் போடுவதே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட டாம்-ஜெர்ரி படங்களில் இது இல்லாதவை நிறையவே இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் துண்டுக் காணொலிகளில் எச்சரிக்கையும் வராது, போகிளும் வரமாட்டார். வீட்டில் பார்த்துவிட்டு வந்து ஒரு பிள்ளை அதே மாதிரி கண்ணை உருட்டினால், "அது எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டு அங்கேயே இரண்டு நிமிடம் பேசுகிறேன்.

அந்த மாணவனிடம் அவன் அம்மா வந்துபோன அன்றே பேசினேன். தனியாக அழைத்து, "அந்தப் படத்த நான் அன்னிக்குப் போட்டிருக்கக் கூடாதுப்பா. என் மேலதான் தப்பு" என்றேன். தலையைக் குனிந்து பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து, "படம் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றான். அதற்கும் எனக்குப் பதில் இல்லை. வகுப்பில் அந்தப் பட்டப்பெயரை நிறுத்தச் சொன்னேன். என் முன்னால் நின்றது. விளையாட்டுத் திடலில் நிற்க இன்னும் சில மாதம் ஆயிற்று.

இந்த ஆண்டு அவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கிறான். காலனியாதிக்கப் பாடம் இன்னும் சில வாரத்தில் வரும். அந்தக் காட்சியை அவன் இருக்கும் வகுப்பில் காட்டுவதா வேண்டாமா என்று போன வாரம் அவனையே கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.